டர்போ வண்டியோட மானிட்டரிங் செட்டப்ல பூஸ்ட் லாகிங் சேர்க்கறது: சென்சார்ல இருந்து கிராஃப் வரைக்கும்

வண்டியோட ஓபிடி சாக்கெட்ல (என்ஜின் விவரம் படிக்கற இடம்) அடாப்டர் ஒண்ணு சொருகி, ராஸ்பெர்ரி பைங்கற சின்ன கம்ப்யூட்டர்ல ஆர்பிஎம், கூலன்ட் டெம்பரேச்சர், ஸ்பீடுன்னு ஏற்கனவே லாக் எடுத்துட்டு இருக்கீங்க, இப்ப அதுல பூஸ்டும் (டர்போ காத்த அழுத்தி என்ஜினுக்குள்ள தள்ளுற அழுத்தம்) வேணும்னு தோணுது, அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது. என்னோட 1.2 டர்போ பெட்ரோல்ல செஞ்சேன், அண்ணனோட 1.3 டீசல்ல செஞ்சேன், அப்புறம் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேருக்கு கூட உக்காந்து செஞ்சு கொடுத்தேன்.

எல்லாரும் ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. சென்சார மாட்டுன உடனே ரோட்டுக்கு போயிடறாங்க. என்ஜின் ஓடாம சும்மா நிக்கும்போது வெளிய இருக்கற காத்தழுத்தத்தையே சரியா காட்டாத செட்டப், ஓடும்போது காட்டுற நம்பர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கீழ இருக்கற வரிசையே அதுக்காகத்தான், நடுவுல எதையும் தாண்டாதீங்க.

1. அப்சல்யூட்டா கேஜான்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க

வண்டில இருக்கற மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்ட், அதாவது சிலிண்டர்களுக்கு காத்து பிரிஞ்சு போற குழாயோட அழுத்தத்த அளக்கறது) அழுத்தத்தை முழு வெற்றிடத்துல இருந்து கணக்கு பண்ணி சொல்லுது. அது அப்சல்யூட். நாம பேச்சுல "ஒரு பார் பூஸ்ட்"னு சொல்றது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவு ஏறிச்சுங்கறது. அது கேஜ். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அந்த ஊரோட காத்தழுத்தம், அது ஊருக்கு ஊரு மாறும். சென்னைல கிட்டத்தட்ட 101 கிலோபாஸ்கல், கோயமுத்தூர்ல 97 பக்கம், ஊட்டில 77தான் இருக்கும். 100 கிலோபாஸ்கல்னா 1 பார், பிஎஸ்ஐல 14.5.

நண்பர் ஒருத்தர் ஸ்கிரிப்ட்ல 101.3னு எழுதி வச்சு அதை கழிச்சுட்டே இருந்தார். ஊட்டிக்கு போனப்ப பூஸ்ட் 0.2 பாருக்கு மேல குறைஞ்சு தெரிஞ்சுது, டர்போ போச்சுன்னு பயந்து ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்டர்கூலர் ஹோஸ் எல்லாம் கழட்டி பாத்துட்டாங்க. ஹோஸ்ல ஒண்ணும் இல்ல, கழிச்ச நம்பர்தான் தப்பு.

அதனால லாக்ல எப்பவும் அப்சல்யூட்டதான் எழுதணும், ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வர்ற ரீடிங்க தனியா சேத்து வைக்கணும், கழித்தல் எல்லாம் அப்புறம் கிராஃப் போடும்போது. மலை ஏறுற ட்ரிப்னா ஸ்டார்ட்ல எடுத்த ஒரே நம்பர் போதாது, ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பாரோமெட்ரிக் பிரஷர் (வெளிக்காத்தழுத்தம்) கொடுத்தா அதையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கோங்க.

இன்னொண்ணு. வெதர் ஆப்ல வர்ற 1012, 1010 மாதிரி நம்பர நம்பாதீங்க, அது கடல் மட்டத்துக்கு மாத்தி கணக்கு போட்டது, ஊட்டில நின்னு பாத்தாலும் ஆயிரத்து சொச்சம்தான் காட்டும். ஃபோன்ல பாரோமீட்டர் சென்சார் இருந்தா அதோட நேரடி ரீடிங்தான் உண்மையானது (அதுல வர்ற ஹெக்டோபாஸ்கல 10ஆல வகுத்தா கிலோபாஸ்கல்).

2. ஓபிடிலயே வருதான்னு பாருங்க

இது தெரியாம சென்சார் வாங்குனவங்க உண்டு. ஓபிடில இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷருக்கு தனி நம்பர் இருக்கு, ஹெக்ஸ்ல ஜீரோ-பி. பைத்தான்-ஓபிடிங்கற லைப்ரரில இன்டேக் பிரஷர்னு இருக்கும், உங்க வண்டி சப்போர்ட் பண்ணுதான்னு அதுவே சொல்லிடும். பாரோமெட்ரிக் பிரஷர் ஹெக்ஸ்ல 33.

இதுல ரெண்டு குறை. முதல் குறை, இது ஒரே ஒரு பைட், 0ல இருந்து 255 கிலோபாஸ்கல் வரைக்கும்தான் போகும். கேஜ்ல சொன்னா சுமார் 1.5 பார். ஃபுல் த்ராட்டில்ல கிராஃப் 255ல ரூல் போட்ட மாதிரி நேர்கோடா நின்னா டர்போ அங்க நிக்கல, பைட்டுல அதுக்கு மேல இடம் இல்ல.

ரெண்டாவது குறை, வேகம். அடாப்டர் ஒவ்வொண்ணா கேட்டு ஒவ்வொண்ணா பதில் வாங்குது, எட்டு விஷயம் கேட்டீங்கன்னா பூஸ்டோட முறை வர்றதுக்குள்ள ஒரு செகண்ட் ஓடிடும், அந்த ஒரு செகண்ட்லதான் டர்போ ஸ்பூல் ஆகி (சுழல் வேகம் ஏறி பூஸ்ட் வந்து) முடிஞ்சிருக்கும். கேன் பஸ் (வண்டிக்குள்ள கம்ப்யூட்டர்கள் பேசிக்கற லைன்) இருக்கற வண்டில ஆர்பிஎம்மையும் மேனிஃபோல்ட் பிரஷரையும் ஒரே கேள்வில சேத்து கேட்கலாம், பதில் 6 பைட்தான் வரும், ஒரு ஃப்ரேம்ல 7 வரைக்கும் இடம் இருக்கறதால ஒரே ஃப்ரேம்ல அடங்கிடும். மூணாவதா த்ராட்டிலையும் சேத்தா 8 ஆகி பதில் ரெண்டு ஃப்ரேமா உடையும், மலிவு இஎல்எம்327 (ஓபிடி அடாப்டர்ல இருக்கற சிப்) க்ளோன்ல நிறைய அங்கதான் உளறும்.

டர்போ ஆரோக்கியமா இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான் வேலைன்னா இதுவே போதும், கூலன்ட் மாதிரி மத்ததெல்லாம் பத்து செகண்டுக்கு ஒரு தடவை கேட்டா சரி, நேரா 8வது பகுதிக்கு போயிடுங்க. ஸ்பூல் எப்படி ஏறுது, ஓவர்ஷூட் ஆகுதா (நிக்க வேண்டிய அளவ தாண்டிப் போகுதா), கியர் மாத்தும்போது என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா தனி சென்சார் வேணும்.

3. வாங்க வேண்டியது

சென்சாருக்கு நான் போடறது எம்பிஎக்ஸ்4250ஏபி. 20ல இருந்து 250 கிலோபாஸ்கல் அப்சல்யூட், வேலை செய்ய 4.85ல இருந்து 5.35 வோல்ட் வேணும். 1.4 பாருக்கு மேல போற வண்டின்னா 400 வரைக்கும் அளக்கற எம்பிஎக்ஸ்எச்6400ஏ பாருங்க, ஆனா அதோட ஃபார்முலா வேற. ஸ்டெயின்லெஸ் பாடில 0.5ல இருந்து 4.5 வோல்ட் கொடுக்கற மலிவு டிரான்ஸ்டியூசர் நிறைய கிடைக்கும், அதுல பெரும்பாலானது கேஜ் டைப், பெட்ரோல் வண்டில ஐடில்ல வர்ற வேக்யூம அது காட்டாது. காத்தழுத்தத்துக்கும் சும்மா 0தான் காட்டும், அதனால கீழ சொல்ற முக்கியமான செக்க அதுல பண்ணவே முடியாது.

சென்சார் வோல்டேஜ படிக்கறதுக்கு ஆர்டுயினோ நானோங்கற சின்ன போர்டு. ஈஎஸ்பி32 வச்சு பண்ணலாமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. அதோட அனலாக் உள்ளீடு 3.3 வோல்ட், சென்சார் 5 வோல்ட், நடுவுல டிவைடர் போடணும், மேலயும் கீழயும் ரீடிங் வளையும். நானோல 5 வோல்ட்டே ரெஃபரன்ஸ், அதே 5 வோல்ட்டதான் சென்சாரும் குடிக்குது, சப்ளை கொஞ்சம் ஏறி இறங்குனாலும் ரெண்டும் சேந்தே ஏறி இறங்கறதால கணக்கு மாறாது. ரீடிங்ல ஒரு கவுண்ட் (ஒரு படி) 0.24 கிலோபாஸ்கல், பூஸ்டுக்கு தாராளம்.

மத்தது: 4 மில்லிமீட்டர் உள் விட்டம் உள்ள சிலிக்கான் வேக்யூம் ஹோஸ் ஒரு மீட்டர், டீ ஃபிட்டிங், சின்ன க்ளிப், ஷீல்டு போட்ட மூணு கோர் வயர், 1 மைக்ரோஃபேரட்டும் 0.01 மைக்ரோஃபேரட்டும் கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணு, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து பவர் எடுக்கற கனெக்டர்). மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு, இத மறக்காதீங்க.

4. மேஜை மேல வச்சு டெஸ்ட் பண்ணுங்க

வண்டில மாட்டுன அப்புறம் ரீடிங் தப்பா வந்தா சென்சாரா, ஹோஸா, வயரா, ப்ரோக்ராமான்னு நாலு சந்தேகம். மேஜைல முடிச்சுட்டா ரெண்டு கழிஞ்சுரும்.

சென்சாருக்கு 5 வோல்ட், கிரவுண்ட், அவுட்புட்ட நானோவோட ஏ0க்கு. அழுத்தம் கண்டுபிடிக்க: ரீடிங்க 1023ஆல வகுத்து, 0.04 கூட்டி, 0.004ஆல வகுங்க. கோயமுத்தூர் மாதிரி 97 இருக்கற ஊர்ல ரீடிங் 356 பக்கம் வரணும். ஃபோன் பாரோமீட்டரோட ஒப்பிட்டா மூணு மூணரை கிலோபாஸ்கல் வித்தியாசம் சென்சாரோட ஸ்பெக்லயே அனுமதிச்சதுதான், அதை ஒரு நிலையான நம்பரா கூட்டி கழிச்சு சரி பண்ணிக்கலாம். பத்து வித்தியாசம் வந்தா மொதல்ல சென்சாரோட பின்லயே மல்டிமீட்டர் வச்சு சப்ளை வோல்டேஜ பாருங்க.

ஒரு புள்ளில சரியா காட்டுதுங்கறதுக்காக எல்லா இடத்துலயும் சரின்னு ஆயிடாது, அதுக்குத்தான் சிரிஞ்ச். பிஸ்டன 50 மில்லிக்கு இழுத்து வச்சுட்டு, அஞ்சு சென்டிமீட்டர் ஹோஸ் துண்டால சென்சார்ல மாட்டி, மெதுவா 25க்கு தள்ளி அப்படியே புடிங்க. இடம் பாதியானா அழுத்தம் ரெண்டு மடங்கு, 97ல ஆரம்பிச்சா 192 பக்கம் வரும் (194 வராது, ஹோஸுக்குள்ள கொஞ்சம் காத்து இருக்கு). வேகமா தள்ளுனா காத்து சூடாகி மொதல்ல அதிகமா காட்டி அப்புறம் இறங்கும், பத்து செகண்ட் விடுங்க. அதே மாதிரி 25ல மாட்டி 50க்கு இழுத்தா 49. இங்க ஹோஸ் சின்னதா இருக்கறது முக்கியம், ஒரு மீட்டர் ஹோஸுக்குள்ளயே 12 மில்லிக்கு மேல காத்து இருக்கும், கணக்கே மாறிடும்.

தள்ளிப் புடிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க. ரீடிங் வழிஞ்சு இறங்கிட்டே இருந்தா எங்கயோ லீக்.

5. டேப் (ஹோஸ் மாட்டி அழுத்தம் எடுக்கற இடம்) எங்க எடுக்கறது

பெட்ரோல் வண்டில த்ராட்டிலுக்கு அப்புறம், மேனிஃபோல்ட்ல இருந்து எடுக்கணும். த்ராட்டிலுக்கு முன்னாடி எடுத்தா டர்போ தள்ளுறது தெரியும், என்ஜினுக்குள்ள போறது தெரியாது, பாதி த்ராட்டில்ல ரெண்டும் ஒண்ணு இல்ல. நிறைய டர்போ பெட்ரோல்ல கம்பெனியே ரெண்டு இடத்துலயும் ஒவ்வொரு சென்சார் வச்சிருக்கும். டீசல்ல இந்த குழப்பம் கம்மி, இன்டர்கூலருக்கு அப்புறம் எடுத்தா சரி.

தொடக்கூடாத மூணு லைன் இருக்கு.

பிரேக் பூஸ்டர் லைன். இது பிரேக், அவ்வளவுதான் காரணம். அதுல ஒருவழி வால்வும் இருக்கறதால பூஸ்டர் பக்கம் டேப் எடுத்தா பூஸ்டே வராது.

வேஸ்ட்கேட் (பூஸ்ட் அதிகமாகாம புகைய டர்போவுக்கு வெளிய திருப்பி விடற வால்வு) ஆக்சுவேட்டருக்கு போற லைன். உங்க டீ கழண்டா வேஸ்ட்கேட்டுக்கு அழுத்தம் போகாது, அது திறக்காது, பூஸ்ட் கட்டுப்பாடு இல்லாம ஏறிடும். அளக்க போய் என்ஜின உடைச்ச கதையாயிடும்.

பர்ஜ் லைன் (டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவிய என்ஜினுக்கு கொண்டு போறது). டர்போ வண்டில இதுல செக் வால்வ் இருக்கும், பூஸ்ட் வந்ததும் மூடிக்கும். வேக்யூம் எல்லாம் அழகா காட்டும், பூஸ்ட் மட்டும் 100 கிட்ட வந்து நின்னுடும், இத வச்சு ஒருத்தர் ரெண்டு வாரம் ப்ரோக்ராமையே திருத்திட்டு இருந்தார்.

ஈசியான வழி, கம்பெனி மேப் சென்சாருக்கு அடியில வைக்கிற டேப் பிளேட். சென்சார கழட்டி, பிளேட்ட வச்சு, நீளமான போல்ட் போட்டு மேல சென்சார திருப்பி மாட்டணும். ஓ-ரிங் ரெண்டுலயும் துளி என்ஜின் ஆயில் தடவுங்க, காஞ்சு போய் சுருண்டா லீக். ஏர்ஃப்ளோ சென்சார் வச்சு அளக்கற பெட்ரோல் வண்டில இந்த சின்ன லீக்கே ஃப்யூயல் ட்ரிம்ம (ஈசியூ பெட்ரோல் அளவுல பண்ற திருத்தத்த) கெடுத்துடும்.

6. சென்சார் வைக்கிற இடம், வயர், பவர்

ஹோஸ நீட்டி கேபினுக்குள்ள கொண்டு போகாம சென்சார என்ஜின் பே-ல வச்சு வயர நீட்டுங்க. நீள ஹோஸ் துடிப்ப மழுக்கிடும், ஈரமும் சேரும். சென்சார என்ஜின் மேல கட்டாம பாடில கட்டுங்க, டர்போல இருந்து தள்ளி, டேப்ப விட உசரத்துல, போர்ட் கீழ பாக்கற மாதிரி. ஏன்னா பிசிவில (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப இன்டேக்குக்கு விடற வால்வு) இருந்து வர்ற ஆயில் ஆவி ஹோஸ்ல குளிர்ந்து திரவமாகும், அது சென்சாருக்குள்ள போகாம மேனிஃபோல்டுக்கே வழியணும். இந்த சென்சார் காஞ்ச காத்துக்காக செஞ்சது. டீசல்ல கரியும் சேந்துக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஹோஸ கழட்டி பாருங்க.

ரெண்டு கெப்பாசிட்டரையும் சென்சார் காலுக்கு பக்கத்துலயே சாலிடர் பண்ணுங்க. ஃபயர்வால்ல புதுசா ஓட்டை போடாம இருக்கற ரப்பர் க்ராமெட் வழியா வயர எடுங்க.

கிரவுண்டுலதான் பெரும்பாலானவங்க சறுக்குறாங்க. சென்சார் கிரவுண்ட பக்கத்துல இருக்கற என்ஜின் போல்ட்ல கொடுத்துட்டு நானோவுக்கு டேஷ்போர்டுல கிரவுண்ட் எடுப்பாங்க. ரெண்டு இடத்துக்கும் நடுவுல சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும், ரேடியேட்டர் ஃபேன் ஓடுனா அது மாறும், லாக்ல பூஸ்ட் ஃபேனோட சேந்து குதிக்கும். சென்சார் கிரவுண்ட் அதே மூணு கோர் வயர்ல திரும்பி நானோவோட கிரவுண்ட் பின்னுக்கே வரணும், ஷீல்ட நானோ பக்கம் மட்டும் கனெக்ட் பண்ணுங்க.

பவர்: ஏசிசி லைன்ல (சாவிய திருப்புனா மட்டும் பவர் வர்ற லைன்) ஃபியூஸ் டேப், 3 ஆம்பியர் ஃபியூஸ், அங்க இருந்து நல்ல பக் கன்வர்ட்டர் (வோல்டேஜ குறைக்கறது), அவுட்புட் 5.1 வோல்ட்டுக்கு செட் பண்ணி ராஸ்பெர்ரி பைக்கும் நானோவோட 5வி பின்னுக்கும் கொடுங்க. நானோவ பையோட யூஎஸ்பில மட்டும் ஓட்டுனா நடுவுல இருக்கற டயோட் கொஞ்சம் வோல்டேஜ சாப்பிட்டுடும், சென்சாருக்கு 4.85க்கு கீழ போயிடும். யூஎஸ்பி கேபிள் டேட்டாவுக்காக அப்படியே இருக்கட்டும், அதே டயோட் இங்க இருந்து ராஸ்பெர்ரி பைக்கு கரண்ட் திரும்ப போகாம பாத்துக்கும்.

7. சாஃப்ட்வேர்

நானோல ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு ரீடிங், 40 ரீடிங் சேந்ததும் சராசரி எடுத்து ஒரு வரி அனுப்புங்க, செகண்டுக்கு 25 வரி. சராசரி ஏன்னா மேனிஃபோல்ட் அழுத்தம் துடிக்கும்: நாலு சிலிண்டர் 3000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 100 தடவை காத்து இழுக்குது. சராசரி இல்லாம செகண்டுக்கு 25 தடவை மட்டும் படிச்சா துடிப்போட ஏதோ ஒரு இடத்த புடிச்சு, இல்லாத ஒரு மெதுவான அலை கிராஃப்ல தெரியும்.

வரில நானோவோட மில்லிசெகண்ட் கவுண்டர், சராசரி ரா ரீடிங் ரெண்டும் போதும். கிலோபாஸ்கல்லா மாத்தறத பைத்தான்ல வச்சுக்கோங்க, ஃபைல்ல ரா ரீடிங்கையும் எழுதுங்க. ஃபார்முலா தப்புன்னு மூணு மாசம் கழிச்சு தெரிஞ்சாலும் பழைய லாக் வீணாகாது.

பை பக்கம் நாலு சிக்கல் வரும், நாலும் எனக்கே வந்தது.

போர்ட் பேர் மாறும். அடாப்டரும் நானோவும் ரெண்டுமே யூஎஸ்பி சீரியல், எது 0 எது 1ங்கறது ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம். அடாப்டருக்கு அனுப்ப வேண்டியத நானோவுக்கு அனுப்பிட்டு பதில் வரலையேன்னு உக்காந்திருப்பீங்க. எந்த யூஎஸ்பி ஓட்டைல சொருகிருக்குங்கறத வச்சு வர்ற பை-பாத் பேர பயன்படுத்துங்க, ஐடி பேர் க்ளோன் சிப்ல ரெண்டுக்கும் ஒண்ணாவே வரும்.

போர்ட்ட திறந்தா நானோ ரீசெட் ஆகும். ரெண்டு செகண்ட் காத்திருந்து முதல் வரிய தூக்கி போடுங்க, அது பெரும்பாலும் பாதிதான் இருக்கும்.

ஓபிடி கேள்விக்கு பதில் வர்ற வரைக்கும் ஸ்கிரிப்ட் நின்னா நானோ வரிகள் பஃபர்ல தேங்கும், நீங்க படிக்கறது ரெண்டு செகண்ட் பழசா இருக்கும். ஓபிடிய தனி த்ரெட்ல ஓட்டுங்க, பைத்தான்-ஓபிடில அசிங்க் இதுக்குத்தான். ஒவ்வொரு பூஸ்ட் வரிலயும் கடைசியா வந்த ஆர்பிஎம்மையும் அது வந்து எவ்வளவு நேரம் ஆச்சுங்கறதையும் எழுதுங்க.

ராஸ்பெர்ரி பையோட கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. ஃபோன் ஹாட்ஸ்பாட் கிடைச்ச உடனே நேரத்த சரி பண்ணிக்கும், லாக் நடுவுல மூணு நாள் தாவும். கணக்குக்கு மோனோடோனிக் கிளாக்க (தேதி நேரம் மாத்துனாலும் தாவாத கடிகாரம்) எடுங்க, தேதி நேரத்த ஃபைல் பேருக்கு மட்டும். செகண்டுக்கு ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணுங்க (ஃபைல்ல உடனே எழுத வைங்க), சாவிய திருப்புனதும் பவர் போயிடும்.

8. கீ-ஆன் செக்

இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். மூணு நம்பர் பாருங்க: உங்க சென்சார், ஓபிடி மேனிஃபோல்ட் பிரஷர், ஓபிடி பாரோமெட்ரிக். மூணும் மூணு நாலு கிலோபாஸ்கலுக்குள்ள ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க, திரும்பி 6க்கு போய் கிரவுண்டையும் சப்ளையையும் பாருங்க. ஓபிடி மட்டும் வச்சிருக்கறவங்க ரெண்டு நம்பர ஒப்பிடுங்க. இந்த ரீடிங்தான் இன்னைக்கு கழிக்க வேண்டிய நம்பர், ஸ்கிரிப்ட்டே ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட் எடுத்து எழுதிக்கட்டும்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி சூடாக விடுங்க. பெட்ரோல் ஐடில்ல 30ல இருந்து 40 வரைக்கும் இறங்கணும். 60, 70ல நின்னா லீக் இல்லன்னா தப்பான இடத்துல டேப். டீசல்ல ஐடில்லயும் காத்தழுத்தம் பக்கமேதான் இருக்கும், சென்சார் செத்துப் போச்சுன்னு நினைக்காதீங்க, த்ராட்டில் மூடி வேக்யூம் உண்டாக்கற என்ஜின் இல்ல அது.

என்ஜின் ஓடும்போது டீ, பிளேட் சுத்தி காத கொடுத்து கேளுங்க, ஃபேன் பெல்ட்ட விட்டு தள்ளி நின்னு. ஸ்ஸ்ஸ்னு சத்தம் வந்தா ஓ-ரிங்.

9. ஓட்டி லாக் எடுக்கறது

ஒரே ரோடு, ஒரே கியர், ஒரே ஆரம்ப ஆர்பிஎம், இல்லன்னா ரெண்டு லாக்க ஒப்பிட முடியாது. ஏத்தமான காலி ரோடு, மூணாவது கியர், 1500ல நிலையா புடிச்சு ஃபுல் த்ராட்டில், 3500ல விட்டுடுங்க. லோடு இல்லாம டர்போ முழுசா ஸ்பூல் ஆகாது, அதனால நின்ன இடத்துல ரேஸ் பண்ணி எடுத்த லாக் எதுக்கும் ஆகாது. மூணு தடவை எடுங்க, நடுவுல ரெண்டு நிமிஷம் சாதாரணமா ஓட்டி இன்டர்கூலர் ஆற விடுங்க, இன்டேக் டெம்பரேச்சரையும் சேத்து எழுதுங்க. ஸ்க்ரீன டேஷ்போர்டுல வைக்காதீங்க, ஓட்டும்போது கண்ணு அங்கதான் போகும்.

10. கிராஃப்ல என்ன பாக்கறது

கீழ அச்சுல நேரம் ஒண்ணு, ஆர்பிஎம் ஒண்ணுன்னு ரெண்டு கிராஃப் போடுங்க. நேரத்த வச்சு போட்டதுல ஸ்பூல் ஏறுறதும் ஓவர்ஷூட்டும் தெரியும், ஆர்பிஎம் வச்சு போட்டதுல எங்க உச்சம், எங்க இறங்குதுன்னு தெரியும். சின்ன டர்போ மேல் ஆர்பிஎம்ல கொஞ்சம் இறங்கறது அதோட அளவுக்கு சகஜம்.

உங்க சென்சார் கோடு ஓபிடி கோட்ட விட முந்தி ஏறும், அது அடாப்டர் தாமதம். உங்க கோடு பிந்தி வந்தாத்தான் பிரச்சனை, ஹோஸ்ல ஆயில் அடைச்சிருக்கு இல்ல பஃபர் தேங்குது. நானோவோட மில்லிசெகண்ட் கவுண்டரையும் பையோட நேரத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வளந்துட்டே போனா பஃபர், நிலையா இருந்தா ஹோஸ்.

மூணு லாக்லயும் உச்சம் ஒரே மாதிரி இருந்து, மெதுவா மட்டும் ஏறுனா சின்ன லீக்கா இருக்கலாம், இன்டர்கூலர் க்ளாம்ப்ல இருந்து தேட ஆரம்பிங்க. உச்சமே குறைஞ்சிருந்தா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி அன்னைக்கு எடுத்த கீ-ஆன் நம்பர பாருங்க.